பிசினின் பதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பேசுவோரும் இசை வழங்குவோரும் வீற்றிருக்கும் இம்மேடையில் பிசினைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்திருப்பதைக் கண்டு உங்களுள் சிலர் புன்முறுவல் பூப்பது எமக்குத் தெரிகின்றது. ‘நீங்கள் அறிந்ததைப் பேசுங்கள்’ என்று செயலாளர் பணித்தார். யாம் அறிந்தது பிசின் ஒன்றே. பணிக்காலம் முழுவதையும் ஒட்டுப்பலகை ஆலையொன்றில் பிசின் காய்ச்சும் கலத்திற்கும் பலகையை அழுத்தும் சூட்டுப் பொறிக்கும் இடையே நடந்தே கழித்தோம். ஓய்வு பெற்றபின் அலிபிரி அடிவாரத்தில் உங்களோடு குடியேறினோம். ஆகவே இலக்கியச் சுவையை எம்மிடம் எதிர்பாராது, ஒரு தொழிலாளியின் அனுபவத்தைக் கேட்பதாக எண்ணிப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மழையை நம் குடியிருப்பில் மறந்தவர் எவரும் இரார். மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. அலிபிரிப் படிகளில் வெள்ளம் அருவிபோல் இறங்கியது. நடைவழி மூடப்பட்டது. நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் நின்றன. நம் வீடுகளிலும் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, வடிவதற்கு நேரம் பிடித்தது. நீர் வடிந்தபின் எதிர்வீட்டு அம்மையார் எம்மை அழைத்துத் தம் வீட்டுக் கதவுகளைக் காட்டினார். ஒரு கதவு நனைந்த புத்தகம்போல் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. மற்றொன்று அடியில் சேறு படிந்திருந்ததேயன்றி யாதொரு குறையுமின்றி நின்றது. ‘அண்ணா, இரண்டையும் ஒரே கடையில்தான் வாங்கினோம். ஒன்று ஏன் பிரிந்தது? மற்றொன்று ஏன் நின்றது?’ என்று அவர் வினவினார். அன்று ஈரத்திலும் களைப்பிலும் ஒரு வரியில் விடை சொல்லி வந்துவிட்டோம். முழு விடையை இன்று சொல்ல விழைகின்றோம்.

கடையில் பிளைவுட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஒட்டுப்பலகை என்பது யாது? மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றன் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் வருமாறு அடுக்கி, இடையிடையே பிசின் தடவிச் சூட்டில் அழுத்தி ஆக்கிய பலகை அது. ஏடுகள் மரமேயாயினும், பலகையின் உயிர் பிசினில்தான் இருக்கின்றது. பிசின் விட்டுவிட்டால் எஞ்சுவது சீவல்தான்.

இப்பிசினில் பெரும்பாலும் வழங்குவன இரண்டு. ஒன்று யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்தது, விலை குறைவு, விரைவில் இறுகும், ஆனால் நீரும் வெப்பமும் சேர்ந்து தாக்கினால் அதன் பிணைப்புகள் அறுந்துபோகும். மற்றொன்று பினாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தது, கருஞ்சிவப்பு நிறமுடையது, விலை மிகுந்தது. இதன் பிணைப்பு கரி அணுவிற்கும் கரி அணுவிற்கும் இடையே அமைவதால் கொதிநீரும் அதனை எளிதில் அறுக்காது. ஒட்டுப் பசைகளுக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 848 இவற்றைச் சோதிக்கும் முறையை வகுத்துள்ளது. ஈரம் தாங்கும் வகையை 60 டிகிரி நீரில் மூன்று மணி நேரம் வைப்பர். கொதிநீர் எதிர்க்கும் வகையை எட்டு மணி நேரம் கொதிக்க வைப்பர். கொதிநீரிலும் கெடாத வகையை 72 மணி நேரம், அதாவது மூன்று பகலும் மூன்று இரவும் கொதிக்க வைப்பர். எதிர்வீட்டுக் கதவுகளுள் பிரிந்தது முதல் வகை. நின்றது பினால் வகை. அன்று யாம் சொன்ன ஒரு வரி விடை இதுவே.

ஆனால் பினால் பிசின் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. அது நன்கு இறுகியிருக்க வேண்டும். இவ்விறுகுதலைத் தாய்மார்களுக்கு எடுத்துரைப்பது எளிது. அதிரசத்திற்கும் கடலை உருண்டைக்கும் பாகு காய்ச்சியவர்கள் நீங்கள். முதலில் கம்பிப்பதம், பிறகு உருட்டுப்பதம், அதன்பின் தட்டில் எறிந்தால் ‘டக்’ என்று ஒலிக்கும் பதம். அதிரசத்திற்கு ஆன பதம் கடலை உருண்டைக்கு ஆகாது. ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் பண்டம் கெடும். பினால் பிசினுக்கும் இவ்வாறே மூன்று பதம் உண்டு. முதற்பதத்தில் அது நீர்மமாய் இருந்து காரநீரிலும் சாராயத்திலும் கரையும். இரண்டாம் பதத்தில் சூடேற்றினால் இளகும். ஆயினும் முழுதும் கரையாது. மூன்றாம் பதத்தில் இளகவும் இளகாது, கரையவும் கரையாது.

பாகிற்கும் பிசினுக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. பாகு முற்றிவிட்டால் சிறிது நீர் விட்டு மீண்டும் காய்ச்சிச் சரிசெய்துகொள்ளலாம். பிசின் அவ்வாறன்று. இட்லியாக வெந்தது மீண்டும் மாவாகாதது போல, இறுகிய பிசின் மீண்டும் நீர்மமாகாது. ஆகவே பிழையைத் திருத்த இடமில்லை. முன்னரே பதம் அறிந்தாக வேண்டும்.

இவ்வுண்மையை உலகம் அறிந்த வரலாறும் சுவையானது. பினாலையும் ஆல்டிஹைடையும் சேர்த்தால் பிசுபிசுப்பான பொருள் உண்டாவதை 1872 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் அடால்ப் வான் பேயர் கண்டார். ஆனால் எதிலும் கரையாது கலத்தோடு ஒட்டிக்கொண்ட அப்பொருளால் பயன் காண இயலவில்லை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்கலண்டு என்பார், 1907 ஆம் ஆண்டில் அதனை அடக்கியாளும் வழியைக் கண்டார். அவர் புதிய பொருள் எதனையும் சேர்த்து வெற்றி காணவில்லை. எந்தப் பதத்தில் நிறுத்துவது, எந்தப் பதத்தில் அச்சில் இடுவது, எவ்வளவு வெப்பமும் அழுத்தமும் கொடுத்து முடிப்பது என்பவற்றை வரையறுத்ததே அவர் செய்த அருஞ்செயல். 1909 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டனார் காலத்துக் கருநிற மின்விசைப் பொத்தான்களும் தொலைபேசிக் கருவிகளும் அவர் பெயர் தாங்கிய பேக்கலைட்டால் ஆனவையே. எனவே பினால் பிசினின் வரலாறே பதத்தின் வரலாறு என்னலாம்.

இனி, இறுகும்போது உள்ளே நிகழ்வது யாதெனக் காண்போம். பினால் என்பதை மூன்று கைகளையுடைய ஒரு மனிதனாகக் கருதுங்கள். பார்மால்டிஹைடு இரு கைகளை இணைக்கும் கயிறு. ஒரு கை மட்டும் உள்ளவன் சங்கிலியின் முனையில் நிற்பான். இரு கைகள் உள்ளவன் சங்கிலியில் ஒரு கண்ணியாவான். மூன்று கைகள் உள்ளவனே வலைக்கு முடிச்சாவான். பினால் மனிதர்கள் ஒருவரையொருவர் பற்றிப் பற்றி எத்திசையும் பரந்த ஒரே வலையாகும்போதுதான் பிசின் மூன்றாம் பதத்தை அடைகின்றது. ஒவ்வொரு முடிச்சு விழும்போதும் ஒரு துளி நீர் வெளியேறும். ஆதலின் அழுத்தப் பொறியைத் திடீரெனத் திறந்தால் உள்ளே அடைபட்ட நீராவி வெடித்துப் பலகையைக் கொப்பளமாக்கிவிடும்.

பினால் எங்கிருந்து வருகின்றது? நிலத்தடிக் கச்சா எண்ணெயிலிருந்து வருகின்றது. எண்ணெய் விலை ஏறினால் பினால் விலை ஏறும். பினால் விலை ஏறினால் கதவு விலை ஏறும். ஆகவே, மண்ணில் விளைவதிலிருந்து பினாலுக்கு மாற்று உண்டோ என்று அறிஞர்கள் நெடுங்காலமாகத் தேடி வருகின்றனர். அத்தேடலில் முன்னிற்பது லிக்னின்.

மரமும் நாணலும் கரும்பும் நிமிர்ந்து நிற்பது எதனால்? அவற்றின் நார்களை ஒட்டி இறுக்கி நிறுத்தும் இயற்கைப் பிசின் ஒன்று உள்ளே இருப்பதால். அதுவே லிக்னின். மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கும், கரும்புச் சக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் அதுவேயாகும். 1813 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துத் தாவர அறிஞர் கண்டோல், மரம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைத்தார். அதுவும் பினால் இனத்தைச் சேர்ந்ததே.

ஈண்டு ஒரு விந்தையைக் காணுங்கள். காகித ஆலையார் மரத்தையும் சக்கையையும் காரநீரில் வேகவைத்து, வெண்ணாரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்த இயற்கைப் பிசினைக் கருநீராகப் பிரித்து உலையில் எரிக்கின்றனர். ஒட்டுப்பலகை ஆலையாரோ எண்ணெயிலிருந்து செய்த பிசினை விலைகொடுத்து வாங்கி மரத்தை ஒட்டுகின்றனர். ஒருவர் மரத்தின் பிசினை எரிக்க, மற்றவர் மரத்திற்குப் பிசின் தேடி அலைகின்றனர். உலகெங்கும் காகித ஆலைகளில் இவ்வாறு பிரியும் லிக்னின் ஆண்டொன்றுக்குப் பல கோடி டன். அதில் மிகச் சிறு பங்கே வேறு பயனுக்குச் செல்கின்றது.

நம் அண்டையிலும் இதன் சாயலைக் காணலாம். சித்தூர்ப் பக்கம் கரும்புத் தோட்டங்களினிடையே செல்வோர் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளைக் கண்டிருப்பர். கொப்பரையில் பாகு கொதிக்கும். அதன் கீழே காய்ந்த சக்கை எரியும். மேலே பதம் பார்ப்பவர் கண்ணிமைக்காது நிற்க, கீழே மற்றொரு பிசினுக்கான மூலப்பொருள் சாம்பலாகின்றது. அதனை வீண் என்று யாம் கூறமாட்டோம். சக்கை இன்றேல் வெல்லம் காய்வதெப்படி? ஆயினும் அது விறகு மட்டுமன்று என்பதை அறிந்திருத்தல் நன்று.

நிற்க. லிக்னினும் பினால் இனமே என்றால், பினாலை எடுத்துவிட்டு லிக்னினைக் கொட்டினால் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். யாமும் ஒரு காலத்தில் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினோம். அப்பிழையை இச்சபையில் ஒளியாது சொல்லிவிடுகின்றோம்.

பினால் விலை கடுமையாக ஏறிய ஓர் ஆண்டு. யாம் பணியாற்றிய ஆலையில், பினாலில் நூற்றுக்கு முப்பது பங்கை லிக்னின் தூளால் மாற்றுவதென முடிவாயிற்று. பிசின் காய்ச்சும் பொறுப்பு எம்முடையது. புதுப் பிசினைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் வைத்துக் கோலால் கிளறினோம். கோல் நகராது நிற்கும் நேரமே கட்டியாகும் நேரம். பழைய பிசினைவிடப் புதுப் பிசின் விரைவாகவே கட்டியாயிற்று. எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விரைவில் கட்டியாவது விரைவில் இறுகும் என்று முடிவு கட்டி, அழுத்தப் பொறியின் நேரத்தை மாற்றாமல் பழையபடியே வைத்தோம். வெளிவந்த பலகையில் கத்தியை நுழைத்து நெம்பிப் பார்த்தோம். ஏடு பிரியாது மர நாரே கிழிந்து வந்தது. உலர்ந்த நிலையில் அது முதல்தரப் பலகை.

விதிப்படி ஒரு துண்டைக் கொதிநீரில் இட்டோம். அதன் முடிவு தெரிய மூன்று நாள் ஆகும். வாயிலில் லாரி நின்றது. வாங்கியவர் அவசரப்படுத்தினார். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்களே, கத்திச் சோதனையில் தேறிய பலகைக்கு வேறு சான்று வேண்டுமோ என்று யாமே சொல்லி, லாரியை அனுப்பக் கையெழுத்திட்டோம். மூன்றாம் நாள் கொதிகலத்தைத் திறந்தபோது துண்டு நான்கு ஏடாக மிதந்தது.

சில மாதங்களுக்குப்பின், மழைக்காலத்தில், ஒரு தச்சர் ஆலைக்கு வந்தார். கையில் ஒரு கதவின் மூலைத்துண்டு. அதன் முகம் அப்பளம்போல் எழும்பியிருந்தது. அப்பலகையில் கதவுகள் செய்து ஒரு வீட்டில் பூட்டியிருக்கின்றார். எல்லாம் பிரிந்துவிட்டன. வீட்டுக்காரர் கூலி தர மறுத்ததோடு, கழற்றிப் புதிதாகச் செய்து தருமாறும் சொல்லிவிட்டார். தச்சர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. துண்டை மேசைமேல் வைத்து, ‘ஐயா, எனக்குப் பிசின் சமாசாரம் தெரியாது. ஆனால் வெந்ததா என்று பார்த்துத்தானே இறக்குவீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். பலகைக்கு ஈடாக ஆலை வேறு பலகை கொடுத்தது. அவருடைய கூலி நாள்களுக்கு ஈடு எவரும் கொடுக்கவில்லை. கையெழுத்திட்ட யாமும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது எமக்குப் பிந்தியே தோன்றியது. அவரைத் தேடியபோது காணக்கிடைக்கவில்லை. எம் பணிக்காலத்தில் பெற்ற பாராட்டுகள் பலவும் மறந்துபோயின. அவ்வொரு கேள்வி மறக்கவில்லை.

அன்று நேர்ந்த பிழை யாது? லிக்னினின் கைகளை எண்ணாமற் போனதே முதற் பிழை. பினாலுக்கு மூன்று கைகள் என்றோம். லிக்னினின் ஒவ்வோர் அலகிலும் ஒரு கை, அதனைத் தன் கூட்டத்தோடு பிணைக்கும் வேலையிலேயே ஈடுபட்டுவிடுகின்றது. எஞ்சிய இரண்டில், சில அலகுகளில் இரண்டும் வெறுமையாய் இருக்கும். சிலவற்றில் ஒரு கையை மெத்தாக்சி என்னும் சுமை அடைத்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் இரு கைகளிலுமே அச்சுமை இருக்கும். அவற்றுக்குக் கயிற்றைப் பற்றக் கையே இல்லை. தேவதாரு, பைன் போன்ற மரங்களின் லிக்னினில் ஒரு கை உள்ளவை மிகுதி. தேக்கு முதலிய அகன்ற இலை மரங்களில் ஒரு கை உள்ளவையும் கையற்றவையும் கலந்திருக்கும். கரும்பு முதலிய புல்லினத்தில் மூவகையும் உண்டு. ஆகவே எந்தச் செடியின் லிக்னின் என்று கேளாமல் அதனைக் கலத்தில் இடுதல், எந்த அரிசி என்று கேளாமல் உலையில் இடுவதை ஒக்கும்.

கட்டியாவதை இறுகுவதாகக் கருதியது இரண்டாம் பிழை. லிக்னின் பினாலைப்போல் தனிமனிதன் அன்று. பல தலைமுறைகள் ஒன்றாய் வாழும் பெருங்குடும்பம். அக்குடும்பத்தில் சிலர் கைகோத்த அளவிலேயே கூட்டம் முழுதும் அசையாது நின்றுவிடும். கோல் நகராது, குழாயில் கட்டியாகத் தோன்றும். ஆனால் உள்ளே மடங்கியிருக்கும் கைகள் பல இன்னும் எதனையும் பற்றாமலே இருக்கும். அதாவது, விரைவில் கட்டியாகி, மெல்ல இறுகுவது அதன் இயல்பாக இருக்கலாம். எல்லா லிக்னினும் அவ்வாறே என்று சொல்லிவிட முடியாது. சில வகைகள் கட்டியாகவும் தாமதிக்கும். ஆதலின் குழாய்ச் சோதனை ஒன்றைக்கொண்டு அழுத்தும் நேரத்தை முடிவு செய்தல் தகாது. ஒரு சோறு பதம் என்பது ஒரே அரிசி வெந்த பானைக்குத்தான் பொருந்தும். ஈரரிசியைக் கலந்து உலையேற்றியபின் அம்முதுமொழி நமக்குத் துணை வாராது.

கயிற்றின் அளவை மாற்றாதது மூன்றாம் பிழை. கைகள் குறைந்தபின்னும் பார்மால்டிஹைடைப் பழைய அளவிலேயே ஊற்றினோம். பற்றக் கையில்லாக் கயிறு மிஞ்சி நிற்கும்; காற்றில் கலந்து தொழிலாளர் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. ஆகவே இது பலகையின் வலிமையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அருகே நிற்பவரின் உடல்நலத்தைப் பற்றியதுமாகும்.

பின்னர் யாம் செய்த திருத்தங்களைச் சுருங்கச் சொல்வோம். லிக்னினை நேரே கொட்டாமல், முதலில் பினாலோடு சேர்த்துக் காய்ச்சினோம். பினால் மனிதர்கள் லிக்னின் குடும்பத்தின் பக்கக் கிளைகளில் இணைந்து, கையற்றாருக்கும் கை கொடுத்தனர். லிக்னினை முதலில் காரநீரில் பார்மால்டிஹைடோடு பதப்படுத்தி, இருக்கும் கைகளில் கயிற்றை முன்னரே மாட்டிவைப்பது வேறொரு முறை. எந்தக் காகித ஆலையிலிருந்து வந்தது, அதில் சாம்பல் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ஒவ்வொரு மூட்டையையும் சோதித்தோம். வைக்கோலிலும் சக்கையிலும் மணற்சத்து மிகுதியாதலால், தூய்மை செய்யாத லிக்னினோடு அதுவும் வந்துசேரும். மாற்றும் பங்கை முப்பதிலிருந்து இருபதாகக் குறைத்தோம். பார்மால்டிஹைடைக் கைகளின் எண்ணிக்கைக்கேற்ப அளந்தோம். அழுத்தும் நேரத்தை நீட்டினோம். பொறியிலிருந்து வந்த பலகைகளை ஆறவிடாமல் சூட்டோடு நெருக்கி அடுக்கி வைத்தோம். உள்ளிருக்கும் வெப்பத்தால் எஞ்சிய முடிச்சுகளும் மெல்ல விழும். அதன்பின் 72 மணி நேரம் கொதித்த துண்டு பிரியாமல் வந்தது. எந்தப் பலகையும் மூன்றாம் நாளுக்குமுன் வாயிலைக் கடக்கவில்லை.

ஆய்வுக்கூடம் உடையோர்க்கு இதனினும் நுட்பமான வழி உண்டு. சில மில்லிகிராம் பிசினை ஆவி வெளியேறாத சிறு கிண்ணத்தில் அடைத்து, நிமிடத்திற்குப் பத்து டிகிரி வீதம் சூடேற்றி, அது வெளியிடும் வெப்பத்தை அளப்பர். முடிச்சு விழும்போது வெப்பம் பிறக்கும். எந்த வெப்பநிலையில் அது உச்சம் அடைகின்றது, மொத்தம் எவ்வளவு பிறக்கின்றது என்பதைக்கொண்டு பிசினின் போக்கை அறிவர். லிக்னின் கலந்த பிசினில் பெரும்பாலும் மொத்த வெப்பம் குறைந்து காணும். விழும் முடிச்சுகள் குறைவு என்பதற்கு அது சான்று. எனினும் கருவி எதுவாயினும், இறுதித் தீர்ப்பு வழங்குவது கொதிநீரே.

இத்துறையில் உலகம் எங்கு நிற்கின்றது என்பதையும் கூறுதல் வேண்டும். காகித ஆலையின் கருநீரில் கரியமில வாயுவைச் செலுத்திக் காரத்தைத் தணித்தால் லிக்னின் திரண்டு படியும். இம்முறையைப் பேரளவில் நடத்தும் ஆலை 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பிளிமத்தில் தொடங்கியது. 2015 ஆம் ஆண்டில் பின்லாந்தின் சுனிலாவிலும் லிக்னின் எடுக்கத் தொடங்கினர். அக்காகிதக்கூழ் ஆலை 2023 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அறிவியல் வென்றாலும் வாணிகம் உடனே வெல்வதில்லை என்பதற்கு அஃதொரு பாடம். ஆயினும் பினாலில் சரிபாதிக்கு லிக்னினை இட்டு ஒட்டிய பலகை பின்லாந்திலிருந்து சந்தைக்கு வந்துள்ளது. அங்கெல்லாம் செய்தது மாயம் ஒன்றுமில்லை. லிக்னினின் இயல்பை அறிந்து, பிசினையும் அழுத்தும் முறையையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டனர்.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. 1962 ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றி, பின்னர் இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் என்று பெயர் பெற்ற அமைப்பில், லிக்னின், மரப்பட்டையின் துவர்ப்புச் சத்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் ஆகியவற்றைப் பினாலுக்குத் துணையாக்கும் ஆராய்ச்சிகள் நடைபெற்றன. மூலப்பொருளுக்கும் நம்மிடம் குறைவில்லை. கரூரை அடுத்த காகிதபுரத்தில், கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு 1984 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சக்கையிலிருந்து பேரளவில் காகிதம் செய்யலாம் என்பதை உலகிற்குக் காட்டியது. காகிதம் ஆன சக்கை பிசினாகவும் ஆகலாம். கருநீரே அத்தகைய ஆலைகளுக்கு விறகுமாதலால் லிக்னின் முழுவதையும் எடுத்துவிட முடியாது. உலையின் பசிக்குப் போக எஞ்சும் ஒரு பங்கை எடுத்தாலும் அது பெரும் பொருள்.

இனி, குடும்பத்தினர்க்குப் பயன்படும் சில சொற்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் பலகை வாங்கும்போது நிறத்தைக் கண்டு மயங்காதீர்கள். யூரியாப் பிசினுக்கும் சாயம் இட்டுச் சிவப்பாக்கலாம். தர முத்திரையையும் எண்ணையும் பாருங்கள்; ஐ.எஸ். 710 என்பது கடற்கலத்திற்கு ஆன, 72 மணி நேரச் சோதனைக்குரிய பலகை. ஐயம் இருப்பின் தச்சரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில், வீட்டிற்கு வெளியே, எட்டு மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். பிரிந்தால் அப்பலகை ஈரமுள்ள இடத்திற்கு ஆகாது. லிக்னின் கலந்த பலகை என்று எவரேனும் சொன்னால் அஞ்சவும் வேண்டா. அது இயற்கை என்று உடனே புகழவும் வேண்டா. ‘வெந்ததா?’ என்று மட்டும் கேளுங்கள்.

இளைஞர்களே! உங்களுள் வேதியியல் பயில்வோர் பலர். வேலூரிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வந்து இவ்வடிவாரத்தில் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். புதிய இடத்திற்கு வந்தவர் அவ்விடத்தோடு ஒன்றுபடக் காலம் வேண்டும் என்பதை நும் பெற்றோரிடம் கேட்டறியலாம். புதிய பொருளுக்கும் அவ்வாறே. லிக்னினைக் கலந்துவிட்டுப் பழைய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த எம்மிடத்தில்தான் குற்றம், லிக்னினிடத்தில் அன்று. கரும்பு விளையும் இந்நிலத்தில் பிறந்த நீங்கள், சக்கையின் லிக்னினை எம்மினும் நன்றாக ஆராய்ந்து, அதன் கைகளை எண்ணி, அதற்குரிய பதத்தை வகுத்தால், உழவர்க்கும் நன்மை, தச்சர்க்கும் நன்மை. ஆனால் லாரி வாயிலில் நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று மூன்றாம் நாள்வரை காத்திருங்கள். காத்திருப்பதால் நேரும் இழப்பை ஆலை தாங்கும்; காத்திராமையால் நேரும் இழப்பை நாம் முகம் அறியாத ஒரு தொழிலாளி தாங்க நேரும்.